பத்து நிமிட வேலை

(கோவை கணபதியில் ஒரு வீட்டு வாசல். தீபாவளிக்கு மறுநாள், மாலை ஏழு மணி. 1996ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் இ220 ஒன்று, பானெட்டைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற மாமனார், அதற்குள் இடுப்புவரை குனிந்திருக்கிறார். சென்னைக்கு இரவு ரயில் பிடிக்க வேண்டிய மருமகன், தேய்த்து மடித்த பயணச் சட்டையோடு, கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை, வெளிச்சத்தைச் சற்று இடப்பக்கம் காட்டுங்கள். உங்கள் இடப்பக்கம் அல்ல, என் இடப்பக்கம்.

மருமகன்: மாமா, நாம் இருவரும் ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருவருக்கும் இடப்பக்கம் ஒன்றுதான்.

மாமனார்: அப்படியானால் வலப்பக்கம் காட்டுங்கள்.

மருமகன்: பத்து நிமிட வேலை என்று நீங்கள் சொன்னபோது மணி ஐந்து. உங்கள் டார்ச்சையாவது எடுத்து வரட்டுமா?

மாமனார்: அதன் பேட்டரியைத்தான் உங்கள் அத்தை சுவர்க் கடிகாரத்தில் போட்டிருக்கிறாள். அதனால்தான் நமக்கு இப்போது மணி ஏழு என்று தெரிகிறது. கவலைப்படாதீர்கள், இந்த வண்டியிலேயே உங்களை ரயில் நிலையத்தில் இறக்கிவிடுகிறேன்.

மருமகன்: எனக்கு இருக்கும் கவலையே அதுதான், மாமா. அந்த முறத்தில் என்ன காய்ந்துகொண்டிருக்கிறது? அத்தை வடகம் போட்டிருக்கிறாரா?

மாமனார்: வடகம் இல்லை, பியூஸ். இந்த வண்டியில் இப்போதைய கார்களைப் போல இரண்டு கால் வைத்த தட்டைப் பியூஸ் கிடையாது. இரு முனையும் கூம்பிய தோட்டா வடிவப் பியூஸ்கள், இரண்டு பித்தளை நாக்குகளுக்கு நடுவே வெறும் அழுத்தத்தில் நிற்கும். அவற்றின் மேல் ஓடும் தகடு அலுமினியமாக இருந்தால், நாளடைவில் முனையில் ஆக்சைடு படிந்து, பியூஸ் எரியாமலேயே மின்சாரம் தடைபடும். சன்னல் கண்ணாடி பாதியில் நிற்கும், ஊதுகுழல் மின்விசிறி மூச்சு வாங்கும். ஆளுக்கு ஒரு நோயைச் சொல்லி மெக்கானிக்குகள் மோட்டாரையே மாற்றுவார்கள். நானோ ஒவ்வொரு பியூஸையும் விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன், பாதி நோய் அன்றே போய்விட்டது.

மருமகன்: அதற்குப் பிறகு முறம் எதற்கு?

மாமனார்: சுற்றியதோடு விடலாமா? எல்லாவற்றையும் செப்புத் தகடு வைத்த பியூஸாக மாற்றினேன். ஆறு மாதத்தில் செம்பு கறுத்துவிட்டது. ஆகவே இன்று மதியம் அனைத்தையும் கழற்றி, புளி போட்டுத் துலக்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் வைத்தேன்.

மருமகன்: குத்துவிளக்கைத் துலக்குவதுபோலவா?

மாமனார்: குத்துவிளக்கையே உங்கள் அத்தையிடமிருந்து வாங்கி நான்தான் துலக்குகிறேன். மின்சாரம் போகும் பொருளில் புளிப்பும் ஈரமும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் முறமும் வெயிலும். இப்போது வெள்ளை ஒன்றை எடுங்கள்.

மருமகன்: எந்த இடத்துக்கு?

மாமனார்: அங்கேதான் சிறு சிக்கல்.

(மருமகன் அசையாமல் நிற்கிறார். வெளிச்சம் மட்டும் லேசாக நடுங்குகிறது.)

மாமனார்: எந்தப் பள்ளத்தில் எது என்று எழுதிய காகிதம் முந்தைய உரிமையாளரின் காலத்திலேயே காணாமல் போய்விட்டது. ஆனால் நான் அனுபவசாலி. கழற்றுவதற்கு முன் படம் எடுத்து உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மருமகன்: படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் திரையை என் பக்கம் திருப்ப வேண்டும், மாமா. திரையை என் பக்கம் திருப்பினால் விளக்கு தெருவைப் பார்க்கும்.

மாமனார்: அதனால் என்ன, முதலில் பாருங்கள், பிறகு நினைவில் வைத்துக்கொண்டு திருப்புங்கள். ஆலையில் நாங்கள் இருட்டிலேயே நூற்புக் கதிர் மாற்றியிருக்கிறோம்.

மருமகன்: (பார்த்து) முதல் நான்கு பள்ளங்கள் தெளிவாக இருக்கின்றன: வெள்ளை, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. அதற்கு அடுத்து ஒரு கட்டைவிரல் இருக்கிறது.

மாமனார்: யாருடையது?

மருமகன்: நகத்தில் கிரீஸ் இருப்பதைப் பார்த்தால் குடும்பத்துக்குள்தான் என்று தோன்றுகிறது. மாமா, சந்தேகமாக இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு நிறத்தைப் போட்டுவிட்டுப் புறப்படலாமே?

மாமனார்: அந்தத் தவறை மட்டும் செய்யவே கூடாது. வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையைப் போட்டால், சுமை ஏறியதும் பியூஸ் எரிந்துவிடும், நட்டம் கொஞ்சம்தான். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் நீலத்தைப் போட்டாலோ, பியூஸ் சௌக்கியமாக இருக்கும், அதற்குப் பதிலாக வயர் எரியும். மருமகன் தப்பித்து மாமனார் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

மருமகன்: இதுவரை அப்படி ஒரு கதை நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாமனார்: ஆகவே சந்தேகமான பள்ளங்களில் எல்லாம் வெள்ளையில் தொடங்குவோம். எது எரிகிறதோ அதற்குச் சிவப்பு. மெதுவாக, ஒவ்வொன்றாக. நான் சாவியைத் திருப்பி ஒவ்வொரு சுவிட்சாகப் போடுகிறேன், நீங்கள் வெளியே நின்று என்னென்ன வேலை செய்கிறது என்று சொல்லுங்கள்.

(மாமனார் உள்ளே ஏறி அமர்கிறார்.)

மருமகன்: வைப்பர் ஓடுகிறது. ஆனால் ஒன்றுதான் ஓடுகிறது, மாமா.

மாமனார்: இருப்பதே ஒன்றுதான்! கண்ணாடியின் ஓரத்துக்குப் போகும்போது நீண்டு, நடுவில் வரும்போது சுருங்கி, ஒற்றைக் கையாலேயே 86 சதவீதக் கண்ணாடியைத் துடைத்துவிடும். அதற்குள் இருக்கும் பற்சக்கரத்துக்குப் பழைய கிரீஸைச் சுரண்டிவிட்டுப் புதிய கிரீஸ் வைத்தால் போதும், இன்னும் 20 ஆண்டு உழைக்கும். அதை வைக்காமல் விட்டவர்கள்தான் மோட்டாரைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். செலவு எவ்வளவு தெரியுமா? ஐம்பது ரூபாய்.

மருமகன்: அந்த ஐம்பது ரூபாய் எனக்கு மறக்காது. ஆனால் வண்டியை மூன்று லட்சத்துக்கு வாங்கி, இதுவரை நான்கு லட்சம் செலவழித்திருக்கிறீர்கள் என்று உங்கள் மகள் சொல்கிறாள்.

மாமனார்: கணக்கு சரிதான். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, மாப்பிள்ளை. உதிரிபாகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. எஞ்சின் மவுண்ட், புரொப்பெல்லர் ஷாப்டின் ரப்பர் வட்டு, பின்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்தைந்து கைகளால் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனின் புஷ்கள் என்று ரப்பர் இருக்கும் இடமெல்லாம் முப்பது வயது. இரும்புக்கு வயது தெரியாது, ரப்பருக்குத் தெரியும். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது என்பதால், தொட்டியிலிருந்து எஞ்சின் வரை எரிபொருள் போகும் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் அதைத் தாங்கும் குழாய்களாக நானே மாற்றினேன். அதில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது, தீ விபத்து தவணை முறையில் வராது.

மருமகன்: கியர் லீவர் ஆடிக்கொண்டிருந்ததே, அதையும் வெளிநாட்டிலிருந்தா வரவழைத்தீர்கள்?

மாமனார்: கணபதியில் குடியிருந்துகொண்டு அதற்கு வெளிநாடு போனால் ஊரே சிரிக்கும். தேய்ந்த புஷ்ஷை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு லேத்துக்குப் போனேன். அளவெடுத்துக் கடைந்து கொடுத்தார்கள். இந்த வண்டியை 1995இல் புனேயில் கோக்கத் தொடங்கியபோது ஜெர்மனியில் அடுத்த மாடலே வந்துவிட்டது. அங்கே பழையதாகிப்போன வண்டியைத்தான் இங்கே புதிதாக வாங்கினார்கள். பழையதைப் பழையதாகவே வாங்கியவன் நான் ஒருவன்தான்.

மருமகன்: முகப்பு விளக்கு எரிகிறது. ஆனால் மங்கலாக இருக்கிறது. போன ஆண்டு நான் வாங்கிக் கொடுத்த எல்.இ.டி. பல்பு எங்கே, மாமா?

மாமனார்: (சற்று நேரம் மௌனம்) மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்தது, ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். இந்த விளக்கின் உட்புறக் கிண்ணம், பல்புக்குள் இருக்கும் இழை எந்தப் புள்ளியில் எரிகிறதோ அதைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்.இ.டி.யில் ஒளி புறப்படும் இடமும் பரப்பும் வேறு. நமக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில் விழும். ஒரு நாள் எதிரே வந்த பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என் கல்வித் தகுதியை விசாரித்தார். அன்றிரவே கழற்றிவிட்டேன். மங்கலுக்குக் காரணம் பல்பு இல்லை, விளக்குக்கு வரும் வயரில் ஏற்படும் மின்னழுத்த இழப்புதான். ரிலே என்னும் மின்சுவிட்ச் வைத்துத் தடித்த வயர் இழுத்தால் பழைய பல்பே பிரகாசமாகும்.

மருமகன்: அதற்கு முந்தைய ஆண்டு கொடுத்த தொடுதிரை?

மாமனார்: இந்த டேஷ்போர்டில் பாட்டுப் பெட்டிக்கு விட்டிருக்கும் இடத்தின் உயரம் 5 சென்டிமீட்டர். திரைக்கு அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். அதற்காக அந்த வரியோடிய மரப்பலகையை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. திரை இப்போது பூஜை அறையில் இருக்கிறது. கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்னால் எங்கோ வலப்பக்கம் திரும்பச் சொல்கிறது என்று உங்கள் அத்தை சொல்கிறாள்.

மருமகன்: அப்படியென்றால் இந்த வண்டியில் மேம்பாடு என்று எதையுமே செய்யக் கூடாதா?

மாமனார்: யார் சொன்னது? நானும் ஒன்று செய்திருக்கிறேன். நான் புகை பிடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சிகரெட் லைட்டர் என்று ஓர் ஓட்டை வீணாகக் கிடந்தது. லைட்டரை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு லேத்தில் பித்தளை ஊதுபத்தி ஸ்டாண்டு ஒன்று கடைந்து செருகிவிட்டேன். பாதுகாப்புக் கருதிப் பின்னால் இருந்த வயரையும் கழற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஜெர்மனியிலிருந்தே அப்படி வந்தது என்று நினைக்கிறார்கள்.

மருமகன்: மாமா, மணி எட்டு. என் பெட்டி டிக்கியில் இருக்கிறது. கதவுகள் எல்லாம் ஒழுங்காகத் திறக்குமா?

மாமனார்: நல்ல கேள்வி. இந்த வண்டியின் கதவுப் பூட்டு மின்சாரத்தில் ஓடுவதில்லை, காற்றில் ஓடுகிறது. பின்னால் ஒரு சிறு பம்பு இருக்கிறது. அது மெல்லிய குழாய்கள் வழியாகக் காற்றை உறிஞ்சினால் பூட்டும், ஊதினால் திறக்கும். ஒவ்வொரு கதவிலும் இருக்கும் ரப்பர் சவ்வில் ஒன்று கிழிந்தாலும் மற்ற கதவுகளுக்கும் சோம்பல் வந்துவிடும்.

மருமகன்: கூட்டுக் குடும்பம் மாதிரி.

மாமனார்: அதே. ஒவ்வொரு கிளைக் குழாயாக மடக்கிப் பிடித்துப் பார்த்தேன். எதை மடக்கியதும் பம்பு சீக்கிரம் ஓய்ந்ததோ அதுதான் ஓட்டைக் கதவு. பின்பக்க இடது கதவு மாட்டிக்கொண்டது. இறுகிப் போயிருந்த இணைப்புக்கு மீன் தொட்டிக் கடையில் வாங்கிய குழாயை வெட்டிப் போட்டேன். செலவு...

மருமகன்: ஐம்பது ரூபாய்.

மாமனார்: நாற்பது. ஓட்டுநர் கதவைப் பூட்டிப் பாருங்கள்.

(மாமனார் இறங்கிச் சாவியைக் கொடுக்கிறார். மருமகன் அதைக் கதவில் திருப்புகிறார். பின்னாலிருந்து மெல்லிய ரீங்காரம். நான்கு கதவுகளின் குமிழ்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஆசாரமாக, கீழே இறங்குகின்றன. இருவரும் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்கள்.)

மருமகன்: மாமா, உண்மையைச் சொல்கிறேன். இது அழகாக இருக்கிறது.

மாமனார்: என் ஆயுளில் இரண்டு பேர்தான் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் இந்த வண்டியை எனக்கு விற்றவர். சரி, பானெட்டை மூடுங்கள். அதற்கு முன் அதன் மேல் காயும் உங்கள் அத்தையின் சேலையை எடுத்துவிடுங்கள். இப்படி நேராக நிற்கும் பானெட் வேறு எந்தக் காரில் இருக்கிறது என்று அவளே இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

(பானெட் மூடப்படுகிறது. எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பி, தாழ்ந்த குரலில் ஓடுகிறது. மாமனார் சீட்டுப் பெல்ட்டை மாட்டிக்கொள்கிறார். மருமகன் பக்கத்தில் அமர்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார்.)

மருமகன்: மாமா.

மாமனார்: சொல்லுங்கள், மாப்பிள்ளை.

மருமகன்: மூன்று மணி நேரம் விளக்குப் பிடித்ததில் கைப்பேசி அணைந்துவிட்டது. பயணச்சீட்டு இதில்தான் இருக்கிறது. எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்று எனக்கு நினைவில்லை. பரவாயில்லை, சார்ஜர் பையில் இருக்கிறது, போகும் வழியில் சிகரெட் லைட்டரில்...

(இருவரும் ஒரே நேரத்தில் டேஷ்போர்டைப் பார்க்கிறார்கள். பித்தளை ஸ்டாண்டு தெருவிளக்கில் மின்னுகிறது.)

மாமனார்: அந்த வயரை மறுபடி இணைத்துவிடலாம், மாப்பிள்ளை. பத்து நிமிட வேலைதான்.

மருமகன்: வேண்டாம், மாமா. நீங்கள் ஊதுபத்தியையே ஏற்றுங்கள்.