கோடைமழையும் மலையோரமும்

மலையோரத்துக் கோடைமழை வெயிலுக்கு இதம், அருவிக்குக் கிளம்புங்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இதம்தான், மறுக்கவில்லை. எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்குப் பக்கம். சித்திரை, வைகாசியில் மதியம் வரை உச்சி பிளக்கிற வெயில். மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுப்பு கட்டினால் அரைமணி நேரத்தில் இடியோடு கொட்டிவிடும். ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழை போல அல்ல இது, ஒரு ஊரில் பெய்யும், அடுத்த ஊரில் தூசி பறக்கும்.

ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்குத்தான் இதன் வலி தெரியும். ராத்திரி பெய்தால் விடியற்காலை பட்டை ஈரமாக இருக்கும். பாலுக்காகப் பட்டையை வெட்டினால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாமல் மரமெல்லாம் வழியும். வெட்டியபிறகு மழை வந்தால் பால் பிடிக்கும் சிரட்டையில் பாலும் தண்ணீரும் கலந்து வெள்ளையாகத் தரையில் ஓடும். அன்றைய கூலி போச்சு. மாறாமலையில் பிந்திப் பறித்த கிராம்பைக் காயவைப்பவர்கள் பாடும் இதேதான்.

அருவிக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திற்பரப்பு அருவியில் வானம் வெளுத்திருக்கும், மேலே கோதையாற்றுக் காட்டில் கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே கரையேறிவிடுங்கள்.