வேலியோர வேம்பும் கானா தேக்கும்

தமிழ்நாட்டில் இன்று வீடு கட்டுகிறவர் நிலைவாசலுக்கு மரம் எடுக்கக் கடைக்குப் போனால், அவர் காதில் விழும் பெயர்கள் கானா தேக்கு, நைஜீரியா தேக்கு, படாக், மலேசியா கோங்கு என்றுதான் இருக்கும். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் உருட்டு மரங்கள் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து அறுவை மில்களில் சட்டங்களாகவும் பலகைகளாகவும் பிளக்கப்பட்டு லாரியேறுகின்றன. அதே வீட்டுக்காரரின் சொந்த ஊரில், தோட்டத்து வேலியோரம் நன்றாக வைரம் பாய்ந்து நிற்கும் வேம்பை ஒரு வியாபாரி கண் மதிப்பில் விலை பேசி, செங்கல் சூளைக்கு விறகாக ஏற்றிக்கொண்டு போகிறார். கட்டட வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த இரண்டு காட்சிகளும் பழகியவை என்றாலும், இவற்றைச் சேர்த்து நினைக்கும்போது வரும் எரிச்சல் மட்டும் இன்னும் பழகவில்லை.

உள்ளூர் மரம் கட்டடத்துக்குள் வராததற்குக் காரணம் மரப் பற்றாக்குறை என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. வெட்டிய மரத்தை உலர்த்தி, மருந்தேற்றி, தரம் பிரித்து விற்கும் நடுக்கண்ணி நம்மிடம் இல்லை என்பதே என் கருத்து. அதோடு, கிடைக்கிற மரத்துக்கு ஏற்ப வரைகிற பழக்கத்தை எங்கள் தொழிலும் கைவிட்டுவிட்டது.

இந்த நிலைக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத்துக்கு மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்தும்படி வலியுறுத்தியது. 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்க 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை, நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதையும் அறுவை மில்கள் இயங்குவதையும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. காட்டைக் காப்பாற்ற அந்த ஆணை தேவைப்பட்டது; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காட்டு மரத்துக்கும் தோட்டத்து மரத்துக்கும் உள்ள வேறுபாடு பொதுமனத்தில் அப்போதே அழிந்துபோனது. நாட்டின் மரத் தேவையில் ஏறத்தாழ 65 விழுக்காடு விவசாய நிலங்களில் வளரும் மரங்களிலிருந்தே வருவதாக 2014ஆம் ஆண்டின் தேசிய வேளாண் காடுகள் கொள்கை கூறுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையும் 2020இல் தன் தடையை நீக்கிக்கொண்டது. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில், இரும்புச் சட்டமும் அலுமினிய ஜன்னலும் யுபிவிசி கதவும் மட்டுமே தெரிந்த ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் உருவாகிவிட்டார்கள்.

மரத்தைப் பயன்படுத்துவது சூழலுக்கு நல்லது என்பதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். அது கதவாக, உத்திரமாக, அலமாரியாக நிற்கும் வரை அந்தக் கரிமம் காற்றில் கலப்பதில்லை. சூளையில் எரிந்தால் அன்றே கலந்துவிடுகிறது. ஆகவே ஒரு மரம் எவ்வளவு காலம் பொருளாக நிலைக்கிறது என்பதும், அது நின்ற இடத்தில் வேறொன்று நடப்பட்டதா என்பதும்தான் கணக்கு. ஐந்து ஆண்டில் உளுத்துப்போகும் நாட்டு மரக் கதவுக்கு ஐம்பது ஆண்டு நிற்கும் எதுவும் மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கஜா புயலின்போது நடந்ததை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகளைத் தோப்பு தோப்பாகச் சாய்த்தது. பலாவும் தேக்கும்கூட விழுந்தன. விழுந்த தென்னையை அப்புறப்படுத்தக் கூலி கொடுக்க முடியாமல் விவசாயிகள் தவித்தார்கள்; கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு, தோப்பிலேயே போட்டுத் தீ வைத்தவர்களும் உண்டு. அப்படியே விட்டுவைக்கவும் வழியில்லை, ஏனென்றால் மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். தப்பித்து நிற்கும் தென்னைகளையும் அது குடைந்துவிடும்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2013 நவம்பரில், பிலிப்பைன்ஸை ஹையான் புயல் தாக்கியபோதும் தென்னைகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. அங்கே சங்கிலி ரம்பங்களும் இடத்துக்கு இடம் எடுத்துச் செல்லக்கூடிய அறுவை இயந்திரங்களும் தோப்புகளுக்கே கொண்டுபோகப்பட்டு, விழுந்த மரங்கள் பலகைகளாகி, வீடிழந்தவர்களின் கூரைகளுக்குப் போயின. தென்னையைக் கட்டட மரமாக அறுக்கும் பழக்கம் அந்த நாட்டில் முன்பே இருந்ததால் அது நடந்தது. நம் ஊரில் அறுவை மில்காரரிடம் தென்னையைக் கொண்டுபோனால், பல் மழுங்கிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். அவர் சொல்வதும் உண்மைதான். முதிர்ந்த தென்னையின் வெளிப்பகுதிக்குச் சாதாரண ரம்பப் பல் தாங்காது, கார்பைடு முனை வைத்த பல் வேண்டும்.

தென்னந்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு புரியும். அதில் ஆண்டு வளையம் கிடையாது. ஓரத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். உள்ளே போகப் போகப் புள்ளிகள் கலைந்து, நடுவில் வெளிறிய சோற்றுப்பகுதி மட்டும் மிஞ்சும். ஓரத்து மரம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கும் மேல் எடை உள்ளது, தேக்குக்கு இணையாக நிற்கக்கூடியது. நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழே போய்விடும், நகத்தால் கீறினாலே தடம் விழும். ஓரத்தைக் கூரைச் சரிவைத் தாங்கும் கைமரத்துக்கும் தரைப் பலகைக்கும், இடைப்பகுதியை உட்சுவர்ப் பலகைக்கும், நடுவை எருவுக்கும் பிரிப்பதுதான் தரம் பிரித்தல். இந்தப் பிரிப்பு இல்லாமல் மொத்தமாக அறுத்துப் பூட்டினால், ஒரே கூரையில் ஒரு கைமரம் இரும்பாக நிற்கும், பக்கத்தில் இருப்பது தொய்ந்துவிடும். ‘தென்னங்கை நிற்காது’ என்ற பேச்சு அப்படித்தான் ஊரில் நிலைத்துவிடுகிறது.

வேம்பின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். வேப்ப நிலை முறுக்கிக்கொள்ளும், கதவு சாத்தாது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்த மரமும் ஈரம் இறங்கும்போது சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, ஆனால் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து ஓரம் நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சை மரத்தை அறுத்த வாரமே 5க்கு 3 அங்குல நிலையாக இழைத்து வைத்தால், இந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் சுவருக்குள் நின்றபடிதான் நடக்கும். போதாக்குறைக்கு நம் ஊர் வழக்கப்படி, அடித்தளம் முடிந்தவுடன் நல்ல நாள் பார்த்து நிலை வைத்துப் பூஜை போட்டுவிடுகிறோம். அதன்பிறகு சுவர் எழும்புகிற வாரங்கள் முழுவதும் சிமென்ட் கெட்டிப்பட ஊற்றும் தண்ணீரெல்லாம் நிலையின் மீதும் வழிகிறது. நன்றாக உலர்ந்த தேக்கே இதைச் சகித்துக்கொள்ளச் சிரமப்படும்போது வேம்பை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. பூஜைக்குச் சாதாரணச் சட்டமொன்றை நிறுத்திவிட்டு, பூச்சு வேலை முடிந்த பிறகு உண்மையான நிலையைப் பொருத்தலாம் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை, அவர்களோடு நான் வாதாடுவதும் இல்லை. நிலையைத் தார்ப்பாய் சுற்றி மூடச் சொல்லிவிடுகிறேன்.

நம் முன்னோருக்கு உலர்த்தும் சூளை இல்லை. ஆனால் முறை இருந்தது. வெட்டிய பனையையும் வேம்பையும் மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போடுவார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிட்டால், மரத்தைப் பொடியாக்கும் வண்டுக்கு உள்ளே உணவு இருக்காது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்றும் ஆசாரிமார் சொல்வார்கள். அதில் எவ்வளவு உண்மை என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. இன்று குளமும் இல்லை, பொறுமையும் இல்லை. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் மரத்தை ஊறவைப்பது அதே வேலையைச் செய்கிறது, அதற்குப் பெரிய தொழிற்சாலையும் வேண்டியதில்லை.

இது கற்பனை என்று நினைப்பவர்கள் ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். பால் வடிந்து ஓய்ந்த ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்கும் பெட்டி அடிக்கவும்தான் போனது. வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை பூத்து வண்டு விழும் மரம் அது. வெட்டியவுடன் அறுத்து, போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி, சிறு துண்டுகளைப் பல் கோத்து ஒட்டிப் பலகையாக்கத் தொடங்கியதும், அதுவே மேசை நாற்காலிக் கடைகளில் மதிப்பான சரக்காகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இது கண்ணெதிரே நடந்த மாற்றம். ரப்பருக்குச் செய்ததை வாகைக்கும் பூவரசுக்கும் மாவுக்கும் செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. (வாகை என்றாலே இப்போது பலருக்கு மரச்செக்கு எண்ணெய் பாட்டிலின் லேபிள்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மரத்தில் அருமையான அலமாரி செய்யலாம் என்று சொன்னால் வியப்பாகப் பார்க்கிறார்கள்.)

கரூர் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுச் சவுக்கும் தைலமரமும் வளர்க்கச் செய்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி அதற்கு நல்ல ரகங்களைத் தந்து துணை நிற்கிறது. மலைவேம்புக்கு பிளைவுட் ஆலைகள் இருக்கின்றன. வாங்குகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிவதால் விவசாயி நடுகிறார். வீட்டு மரத்துக்கு அப்படி ஒரு வாங்குகிறவர் இல்லை. பூவரசை நட்டவர் அதை யாருக்கு, என்ன அளவுக்கு, எந்த விலைக்கு விற்பார்? அனுமதி தேவைப்படும் மரமாக இருந்தால் அலைச்சலுக்கு அஞ்சியே இடைத்தரகர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார். கன அடிக் கணக்கு என்பது கடையில்தான் தொடங்குகிறது. தோட்டத்தில் எல்லாம் குத்துமதிப்புதான்.

இனி எங்கள் பக்கத்துக் குறை. ‘பாரம்பரிய வீடு’ கேட்டு வருபவர்களுக்குக் காரைக்குடியில் பிரித்து விற்கும் தூண்களையும் கதவுகளையும் வாங்கிப் பொருத்திவிட்டு, அதற்குச் சூழலுக்கு உகந்த வடிவமைப்பு என்று பெயர் சூட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. அந்தத் தூண்களில் பெரும்பாலானவை நகரத்தார் வணிகம் செய்த காலத்தில் கப்பலேறி வந்த பர்மா தேக்கு. தானாகவே இடிகிற வீட்டின் மரத்தை மீட்பது நல்ல காரியம். விற்பதற்காகவே நல்ல வீடுகள் பிரிக்கப்படும் அளவுக்குத் தேவையை வளர்ப்பது வேறு காரியம். மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய சரக்கின் மீது மோகம் இன்னும் கூடியிருக்கிறது. இன்னொரு பக்கம், நார்வேயில் 2019இல் 85 மீட்டர் உயரத்துக்கு எழுந்த மியோஸ்டோர்னெட் மரக் கட்டடத்தின் படத்தைக் காட்டி, நாமும் ஒட்டுமரப் பலகைகளை (சிறு பலகைகளை அடுக்கி ஒட்டிய கனத்த மரம்) இறக்குமதி செய்யலாம் என்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு மரம் வந்தது சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்து, உத்திரங்கள் உருவானது பக்கத்து ஆலையில். அதைப் பின்பற்ற நினைப்பவர்கள் முதலில் தம் வட்டாரத்தில் என்ன வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் வேலியோர மரங்கள் குட்டையானவை, கோணலானவை. பன்னிரண்டு அடி நேர் உத்திரம் வேண்டும் என்று வரைந்துவிட்டு வேம்பைத் தேடினால் கிடைக்காது. நாலடி, ஐந்தடித் துண்டுகளை போல்ட் போட்டுக் கோத்து முக்கோணச் சட்டகமாக்கினால் அதே பன்னிரண்டு அடி இடைவெளிக்கு மேல் கூரையைத் தாங்க வைக்கலாம். மர அமைப்புகளுக்கான இந்தியத் தரநிலை 883 நம் நாட்டு மரங்கள் பலவற்றை வலிமைக்கேற்ப வகுத்துத் தந்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் அலுவலகங்கள்தான் குறைவு. வாசலில் மழை படும் இடத்துக்குத் தேக்கோ முதிர்ந்த வேம்போ வையுங்கள்; உள் அறைக் கதவுக்குப் பூவரசோ பலாவோ போதும்; அலமாரித் தட்டுக்கு மருந்தேற்றிய மா போதும். எல்லாவற்றுக்கும் தேக்கு என்பது மரத்தின் மீதுள்ள அக்கறையில் வருவதாக எனக்குத் தோன்றவில்லை, பெரும்பாலும் அந்தஸ்துக் கணக்கு. பனையைப் பொறுத்தவரை, 2021 முதல் மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது, அது சரியானதே; பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கும் பனங்கைகளை மட்டும் வாங்குங்கள், அவை பெரும்பாலும் இன்னொரு கூரைக்குத் தாங்கும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மரம் மிகுந்த வட்டாரங்களில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பொறுப்பில், ஓர் அறுவை இயந்திரம், ஒரு மருந்துத் தொட்டி, ஓர் உலர்த்தும் கூடம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். டெல்டாவிலோ அடுத்த புயலுக்கு முன்பே அவை இருந்தாக வேண்டும்.

அதுவரை, வீடு கட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. மனை வாங்கிய உடனே மரத்தையும் வாங்கிவிடுங்கள். சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தால், வெட்டும் முன் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொண்டு, வெட்டியவுடன் தேவையான அளவைவிடக் கால் அங்குலம் கூடுதலாக அறுத்துவிடுங்கள். வெளிறிய வெள்ளைப் பகுதியை நீக்கிவிட்டு, வெட்டுமுனைகளில் கெட்டியாக பெயின்ட் பூசி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, வெயிலும் மழையும் படாமல் காற்று மட்டும் புகும் கொட்டகையில் அடுக்குங்கள். வரைபடம், வங்கிக் கடன், அஸ்திவாரம் என்று நீங்கள் அலைகிற மாதங்கள் முழுவதும் அது பாட்டுக்கு உலர்ந்துகொண்டிருக்கும்.