கொஞ்சம் வாயைத் திறந்துதான் பேசுங்களேன்!

டிவியில ஒரு வெப் சீரிஸ் பார்க்கிறேன். கொலைகாரன் யாருன்னு கதாநாயகி சொல்லப் போற கட்டம். அவங்க சொல்றதோ, கொசு காதுல ரகசியம் ஓதுற மாதிரி. சரின்னு வால்யூமை 18லேர்ந்து 40க்கு ஏத்தினா, அடுத்த ஷாட்டே கார் வெடிக்குது! தூங்கின குழந்தை வீல்னு கத்துது, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுறார். பதறிப்போய்க் குறைச்சா மறுபடியும் முணுமுணுப்பு. கொலைகாரன் யாருன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.

கேட்டா 5.1 மிக்ஸிங்காம், அதாவது சத்தத்தை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சுக் கொடுக்கிறதாம். வசனமெல்லாம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வருமாம். அந்த நடு ஸ்பீக்கரே இல்லாத டிவிக்காரன் எங்கய்யா போவான்? இருக்கிற ரெண்டும், டிவி ஒல்லியா தெரியணும்னு தரையைப் பார்த்துக் கவுந்து கிடக்கு. வசனம் பூரா எங்க வீட்டு மேஜைக்குத்தான் நல்லா கேட்குது.

சப்டைட்டில் போட்டுக்கலாம்னா அது வேற கூத்து. தமிழ் சீரிஸை இங்கிலீஷ்ல படிச்சுப் புரிஞ்சுக்கணும். காமெடியன் வாயைத் திறக்கும் முன்னாடியே ஜோக் கீழே ஓடிடும். நடுநடுவே 'பதற்றமான இசை'ன்னு ஒரு அறிவிப்பு. ஏங்க, அது ஒண்ணுதாங்க எங்களுக்கு நல்லா கேட்குது!

இதுல ராத்திரி சீன்னா மொத்தமும் கும்மிருட்டு. யார் யாரை வெட்டினாங்க? திரையில தெரிஞ்சது என் மூஞ்சி மட்டும்தான். சரி, கடைசியில பேர் போடும்போதாவது அந்தக் கொலைகாரன் யாருன்னு பார்க்கலாம்னா விடுறானா? '5 விநாடியில் அடுத்த எபிசோடு'. முதல்ல இந்த எபிசோடைக் காட்டுங்கடா!