இல்லாத மீனுக்கு ஏசி

(பெரம்பூரில் இரண்டாவது மாடி வாடகை வீடு. மே மாத வெள்ளிக்கிழமை, மத்தியானம். ஹாலில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி. உள்ளே மணல், கல், நீல விளக்கு. மீனைத் தவிர எல்லாம் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் பாக்கியம், தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை சரவணன் லேப்டாப்பும் கையுமாக வருகிறான்.)

பாக்கியம்: மாப்ள, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?

சரவணன்: கேளுங்க அத்தை.

பாக்கியம்: தொட்டிக்குள்ள ஒரு சாக்ஸ் தொங்குது.

சரவணன்: ஆமா.

பாக்கியம்: சாக்ஸுக்குள்ள இறால் இருக்கு.

சரவணன்: ஆமா.

பாக்கியம்: செத்த இறால்.

சரவணன்: அழுகட்டும்னுதான் போட்டிருக்கேன் அத்தை.

பாக்கியம்: "அவர் மீன் வளக்கிறாரும்மா"ன்னு சுதா போன்ல சொன்னா. நானும் தெரு பூரா சொல்லிட்டேன். இப்ப ஊருக்குப் போயி, மாப்ள சாக்ஸுல இறாலை ஊறப் போட்டிருக்காருன்னு சொல்லவா?

சரவணன்: இது உப்புத் தண்ணி மீன் தொட்டி. வாங்கின அன்னிக்கே மீன் விட முடியாது. இறால் அழுகினா தண்ணில அமோனியா சேரும். மீன் இருந்தாலும் அதோட கழிவுல இதேதான் வரும், அது மீனுக்கு விஷம். அந்த அமோனியாவைத் திங்க ஒரு பாக்டீரியா உண்டாகும். அது தின்னுட்டு நைட்ரைட்டா விடும். அதுவும் விஷம்தான். அதைத் திங்க வேற பாக்டீரியா வரணும். அது நைட்ரேட்டா மாத்தும். அது கொஞ்சம் இருந்தா மீன் தாங்கிக்கும். இதெல்லாம் நடக்க நாலு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். சைக்கிளிங்னு பேரு.

பாக்கியம்: ஒருத்தன் கழிச்சதை இன்னொருத்தன் திங்கணும். அவன் கழிச்சது கொஞ்சம் பரவால்லன்னு தோணினா, அப்புறம்தான் மீனு வரும்.

சரவணன்: கரெக்டா புடிச்சிட்டீங்க.

பாக்கியம்: முதல்லயே விட்டா?

சரவணன்: செத்து மிதக்கும்.

பாக்கியம்: மிதந்தா குழம்பு வெச்சிடலாம். எவ்ளோ பெருசு?

சரவணன்: க்ளவுன் மீனு அத்தை. கட்டை விரல் அளவுதான்.

பாக்கியம்: அப்ப வறுக்கணும்.

(சரவணன் தொட்டிக்கும் மாமியாருக்கும் நடுவே வந்து நின்றுகொள்கிறான்.)

பாக்கியம்: அது போகட்டும். தொட்டிக்குக் கீழ ஒரு பொட்டி உறுமுதே, அது என்னா? நேத்து ராத்திரி ஹால்ல படுத்தேன். விடிய விடிய கால்ல அனல் அடிச்சுது.

சரவணன்: அது சில்லர். தண்ணி 26 டிகிரியில நிக்கணும். குளிர் தேசத்துல தொட்டிக்கு ஹீட்டர் வாங்குறாங்க, அக்னி நட்சத்திரத்துல நமக்கு சில்லர்தான் வேணும். தண்ணில இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளிடும்.

பாக்கியம்: வெளியன்னா, எம்மேல.

சரவணன்: தண்ணி சூடாச்சுன்னா அதுல ஆக்சிஜன் கம்மியாயிடும் அத்தை...

பாக்கியம்: அப்ப மீனுக்கு ஏசி.

சரவணன்: ஒரு வகைல.

பாக்கியம்: இல்லாத மீனுக்கு ஏசி. இருக்கிற மாமியாருக்கு அனல்.

(இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. சரவணன் லேப்டாப்பை மூடுகிறான். பாக்கியம் விரலைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார்.)

சரவணன்: அத்தை! இறால் தண்ணி!

பாக்கியம்: கடல் தண்ணிதான். எங்க புடிச்சீங்க, மெரினாவா?

சரவணன்: மெரினாவா? நேப்பியர் பாலத்தாண்ட கூவம் நேரா அங்கதான் கலக்குது. மழைக் காலத்துல கரையோரம் உப்பும் குறைஞ்சிடும். இது வீட்லயே கலக்கினது. ஆர்ஓ தண்ணி, கரைஞ்ச உப்பெல்லாம் ரொம்பக் கம்மி. குடிக்கிற மெஷின்ல ருசிக்குன்னு மினரல் சேர்ப்பான், அதைக் கழட்டி விட்டுட்டுதான் புடிச்சேன். லிட்டருக்கு 35 கிராம் கணக்குல, 200 லிட்டருக்கு ஏழு கிலோ உப்பு.

பாக்கியம்: எங்க ஊர்லயே சொல்லியிருந்தா ஒரு மூட்டை அனுப்பியிருப்பேனே.

சரவணன்: கல்லுப்பு ஆகாது. இது தனி உப்பு, பக்கெட்ல வரும். (பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து, அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, கண்ணருகே வைத்துப் பார்க்கிறான்.) 1.025. கரெக்டா இருக்கு.

பாக்கியம்: அது எத்தினி டிகிரி?

சரவணன்: இதுல டிகிரி இல்ல அத்தை. அடர்த்தி.

பாக்கியம்: அடர்த்தியைத்தான் கேக்கறேன். எங்கப்பா உப்பளத்துல கண்ணாடிக் குழலை மிதக்க விட்டுப் பார்ப்பாரு. கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி காட்டும். பாத்திக்குப் பாத்தி மாத்தி, வெயில்ல காய வெச்சு, 25 வந்தாத்தான் உப்பு பூக்கும்.

சரவணன்: (போனில் கணக்குப் போடுகிறான். முகம் மாறுகிறது.) மூணரை டிகிரி போட்டா... 1.025 வருது அத்தை.

பாக்கியம்: வராம? 30 டிகிரிக்குள்ள மிச்சத் தண்ணிய வடிச்சு விட்ருவோம். வடிக்காம விட்டா உப்பு கசக்கும்.

சரவணன்: அத்தை, அந்தக் கசப்புதான் மெக்னீசியம்! கல்லுப்புல அது போதாததாலதான் ஆகாதுன்னேன். பின்னாடி பவளம் வெச்சா அதுக்கு அது வேணும். இந்த பக்கெட் உப்புல அதெல்லாம் சேர்த்திருப்பான்.

பாக்கியம்: நாங்க வாய்க்கால்ல வடிச்சு விட்டதை நீங்க பக்கெட்ல காசு குடுத்து வாங்குறீங்க.

(சில்லர் மட்டும் உறுமுகிறது.)

பாக்கியம்: தண்ணி தெனம் கொஞ்சம் இறங்குதே, அதுக்கு என்னா ஊத்துறீங்க? உப்புத் தண்ணி ஊத்தாதீங்க. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயேதான் இருக்கும். அப்புறம் தொட்டியிலயே உப்பு அள்ளலாம்.

சரவணன்: நல்ல தண்ணிதான் ஊத்துறேன். (மெதுவாக) முதல் வாரம் அதைத் தெரிஞ்சுக்க நான் எட்டு வீடியோ பார்த்தேன்.

பாக்கியம்: கல்லு ஏன் பழுப்பா பாசி புடிச்சுக் கெடக்கு? குடுங்க, பிளீச்சிங் பவுடர் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சுத் தரேன்.

சரவணன்: ஐயோ, தொடாதீங்க! பாக்டீரியா பூரா அந்தக் கல்லுலதான் குடியிருக்கு. பழுப்பு தானாப் போயிடும், புதுத் தொட்டின்னா வரும்.

பாக்கியம்: கல்லுன்னா ராமேஸ்வரத்துல கெடைக்காத கல்லா? பவளப்பாறையே கெடக்கும். எங்க நாத்தனார் பையன் அங்கதான் இருக்கான்...

சரவணன்: வேணவே வேணாம். 1972 வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கிற பட்டியல்லயே பவளமும் இருக்கு. எடுத்தா ஜெயிலு.

பாக்கியம்: கல்லை எடுத்தா புலியப் புடிச்ச கேஸா! மீனு மட்டும் எங்கேருந்து வரும்?

சரவணன்: க்ளவுன் மீனைத் தொட்டியிலயே குஞ்சு பொரிக்க வைக்கிறாங்க. மண்டபத்துல கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல செஞ்சு காட்டியிருக்காங்க. கொளத்தூர் மீன் கடையில சொல்லி வெச்சிருக்கேன், ஒரு ஜோடி.

பாக்கியம்: ஆணு எது, பொண்ணு எதுன்னு பார்த்து வாங்குங்க.

சரவணன்: பார்க்கவே வேணாம். எல்லாம் ஆணாத்தான் பொறக்கும். ரெண்டுல எது பெருசா வளர்ந்து மத்ததை மிரட்டுதோ அது பொண்ணா மாறிடும்.

பாக்கியம்: (நிமிர்ந்து உட்கார்ந்து) இவ்ளோ நேரம் சொன்னதுல இதுதான் மாப்ள உருப்படியான விஷயம்.

(சரவணன் டெஸ்ட் கிட் எடுக்க எழுந்திருக்கிறான். செருப்பு தரையில் ஒட்டுகிறது.)

சரவணன்: தரை என்ன இப்படிப் பிசுபிசுங்குது?

பாக்கியம்: காலைல தொடைச்சேன். நீங்க வேலையப் பாருங்க.

(மூன்று சிறு கண்ணாடிக் குழாய்களில் தொட்டித் தண்ணீர். மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்து, கலர் அட்டையோடு நீல விளக்கின் கீழ் பிடித்துப் பார்க்கிறான்.)

சரவணன்: சே. அமோனியா போயிடுச்சு. நைட்ரைட் இன்னும் ஊதாவாவே காட்டுது. தினமும் இதே கதை.

பாக்கியம்: எந்த வெளிச்சத்துல பார்க்கறீங்க?

சரவணன்: தொட்டி லைட்லதான்.

பாக்கியம்: நீல லைட்டுக்குக் கீழ எது வெச்சாலும் ஊதாதான். கடை லைட்டுல பொடவை எடுத்து ஏமாந்தவங்க எத்தினி பேரு! நான் எம்.சி. ரோட்டுல பொடவைய வாசலுக்குக் கொண்டாந்து வெயில்ல பார்க்காம காசு குடுத்ததில்ல. குடுங்க இங்க.

(குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். பின்னாலேயே அட்டையோடு சரவணன்.)

பாக்கியம்: இது எலுமிச்சைக் கலரு. எது?

சரவணன்: அமோனியா. மஞ்சள்னா சைபர்.

பாக்கியம்: இது ஆகாச நீலம். ஊதா மருந்துக்குக் கூட இல்ல.

சரவணன்: நைட்ரைட்டும் சைபரா! இறால் உள்ள இருக்கும்போதே! அப்ப இது எப்பவோ முடிஞ்சிருக்கு அத்தை!

பாக்கியம்: மூணாவது அரக்கு. நல்ல அழுத்தமான அரக்கு. சுதா நிச்சயதார்த்தப் பொடவை.

சரவணன்: நைட்ரேட் ஏறியிருக்கு. அது ஏறணும், அப்பத்தான் சைக்கிள் முடிஞ்சதுன்னு அர்த்தம். இப்ப பாதித் தண்ணிய மாத்திட்டா மீனு விடலாம்! முதல் தவணைக்கு ரெடியாவே வெச்சிருக்கேன், பாத்ரூம் பக்கத்துல அந்த நீல டிரம்ல. நாப்பது லிட்டர், நேத்தே உப்புக் கலக்கி...

(ஓடுகிறான். டிரம்மின் மூடி திறக்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.)

சரவணன்: (உள்ளிருந்து) அத்தை... டிரம் காலியா இருக்கு.

பாக்கியம்: காலைல வாயில வெச்சுப் பார்த்தேன், உப்புக் கரிச்சுது. வெள்ளிக்கிழமையில உப்புத் தண்ணி விட்டு வீடு தொடைச்சா திருஷ்டி கழியும்னு சுதாவுக்கு ஒரு வழியா புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சேன்.

சரவணன்: ஒரு கிலோ நானூறு கிராம் உப்பு அத்தை! ராத்திரி பூரா புடிச்ச ஆர்ஓ தண்ணி!

பாக்கியம்: வீணாக்கல மாப்ள. ஹாலு, ரூமு, அடுப்படி எல்லாம் தொடைச்சேன். அப்பவும் பாதி டிரம் மிச்சம். கீழ கொண்டு போய் உங்க புது பைக்குக்கு ஊத்தினேன்.

சரவணன்: பைக்குக்கா?

பாக்கியம்: தெருவுக் கண்ணு பூரா அதும்மேலதானே. என்ஜினு, செயினு எல்லாம் ஒரு இடம் விடாம.

(சரவணன் பைப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் பாய்கிறான்.)

பாக்கியம்: மாப்ள, மெதுவா! படியிலயும் ஊத்தியிருக்கேன்!