சர்வீஸ் லிஃப்ட்

'வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும்' என்று எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் வாசலில் ஒட்டிய அந்தக் காகிதத்தைப் பற்றி இனிமேல் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று குடியிருப்போர் குழுவில் ஒருவர் 'ஒரு லிஃப்டுக்கா இவ்வளவு கூச்சல்?' என்று கேட்டுவிட்டார். ஆமாம் சார், லிஃப்டுக்குத்தான்.

சோபா ஏற்ற, சிலிண்டர் ஏற்றத் தனி லிஃப்ட் வேண்டும். சரி, ஒத்துக்கொள்கிறேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் எப்போது சோபா ஆனார்?

காகிதத்தைக் கிழித்துவிடலாம். கட்டட பிளானை என்ன செய்வது? எங்கள் வளாகத்தில் 96 வீடு. வீட்டுக்கு இரண்டு கழிப்பறை, சிலதில் மூன்று. இத்தனையையும் கழுவுகிற பெண்களுக்கு வளாகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மறந்துவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள். கார் கழுவத் தனிக் குழாய் வைக்க மறக்கவில்லையே!

'எதற்கெடுத்தாலும் சாதியா?' என்பீர்கள். நான் இழுக்கவில்லை, செங்கல்தான் இழுக்கிறது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களைத் தடுத்து நின்ற சுவரில் ஒரு வழி திறக்க 2008 வரை ஆனது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் சரிந்து தலித் மக்கள் 17 பேர் செத்தார்கள். மழை என்று சொல்லி முடித்துக்கொண்டவர்களும் உண்டு.

எங்கள் பாட்டி வீட்டில் பெரிய திண்ணை. தாத்தாவும் அவர் சிநேகிதர்களும் அங்கேதான். பாட்டி பகலில் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. 'தூரம்', அதாவது மாதவிலக்கு என்றால் கிணற்றடி அறை. அதற்கும் பின்னால் ஒரு சந்து, மனிதர் கையால் அள்ள வேண்டிய எடுப்புக் கக்கூஸுக்கு. வாளியோடு ஒரு அம்மா சந்து வழியாக வருவார், சந்து வழியாகவே போவார். எங்கள் முன்வாசல் என்ன நிறம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த மாதிரிக் கக்கூஸ் கட்டக் கூடாது என்று சட்டம் வந்ததே 1993-ல்தான். ஊரில் எல்லோரும் 'என்ன காற்றோட்டமான வீடு' என்பார்கள். அந்தச் சந்துதான் இப்போது நிமிர்ந்து நின்று சர்வீஸ் லிஃப்ட் ஆகியிருக்கிறது.

தனி லிஃப்ட் நம் பாதுகாப்புக்காம். வீட்டுச் சாவியையும் கைக்குழந்தையையும் யாரிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகிறீர்கள்?

'அப்படியென்றால் உங்கள் வீட்டு பாத்ரூமைக் கொடுங்களேன்' என்று இன்பாக்ஸில் ஒருவர். இதற்கு மட்டும் எனக்குப் பதில் வரவில்லை. ஆறு வருஷமாக வருகிறார் எங்கள் வீட்டு அக்கா. அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்று காலை சொன்னேன்.

"தண்ணி குடிக்காமத்தான்மா கிளம்புவேன், பழகிடுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எந்த பாத்ரூம்மா?" என்று கேட்டார்.

என் கை தானாகவே பின்பக்கம் இருப்பதைக் காட்டியது.