காரணம் சொல்லாமல் அணையும் கணினி

மேசைக்கணினி பழுதாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏன் பழுதானது என்று அது சொல்ல மறுப்பதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது, விண்டோஸ் சின்னம் தோன்றுகிறது, நீலத்திரை மின்னி மறைகிறது, எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. பிழைக்குறியீடு அந்த நீலத்திரையில்தான் இருக்கிறது. அதைப் படிப்பதற்குள் தானாகவே மறுதொடக்கம் செய்யும்படி அமைத்து வைத்தவர்கள் யாருடைய வசதியை நினைத்தார்கள்? முன்பு எஃப்8 விசையைத் தட்டினால் அந்த மறுதொடக்கத்தை நிறுத்தும் பட்டியல் வந்துவிடும். விண்டோஸ் 8 முதல் அந்த வழியையும் அடைத்துவிட்டு, துவக்கம் சில முறை தோற்ற பிறகே பழுதுநீக்கும் திரையைக் காட்டுகிறார்கள்.

சின்னம் வருவதற்கு முன்பே அணைந்தால் நிலைமை இன்னும் மோசம். ரேம் என்ற நினைவக அட்டை தளர்ந்திருக்கலாம், பிராசஸரின் மேலுள்ள, வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்திருக்கலாம், 12 வோல்ட் தர வேண்டிய எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி பளு ஏறியதும் தடுமாறலாம், மதர்போர்டில் ஒரு மின்தேக்கி உப்பியிருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறியோ ஒன்றேதான். பழைய பெட்டிகளில் ஒரு சிறிய ஒலிபெருக்கி இருந்தது. பீப் ஒலிகளை எண்ணியாவது ரேமா, கிராபிக்ஸ் அட்டையா என்று ஊகிக்க முடிந்தது. இன்று பல பெட்டிகளில் அதுவும் இல்லை. இவ்வளவு மலிவான பொருளிலா மிச்சம் பிடிக்க வேண்டும்?

கடைக்குத் தூக்கிச் சென்றால், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே மதர்போர்டு போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்க்கக்கூட ஏன் ஒருவருக்கும் பொறுமை இல்லை?