விடை போட்டா ஆச்சா, விளக்கத்த யாருய்யா சொல்றது?

'செட்டிநாட்டுப் பலகாரம் (5)'.

பேப்பர்ல தினமும் வர்ற குறுக்கெழுத்துப் புதிர்ல, இதாங்க குறிப்பு. முன்னாடி ஒண்ணும் இல்ல, பின்னாடி ஒண்ணும் இல்ல, இவ்வளவுதான். இத போட்ட மகராசன் காரைக்குடி பக்கம் பஸ்ஸுல கூட கடந்து போனதில்ல போல. போயிருந்தா கை கூசியிருக்கும். இங்க எந்த வீட்டுல வேணா கேளுங்க, அஞ்செழுத்துப் பலகாரம் வரிசையா சொல்லுவாக. அதிரசம் அஞ்சு. மனகோலம் அஞ்சு. கும்மாயம் அஞ்சு. தேன்குழல் அஞ்சு. சரி குறுக்க ஓடுற சொல்லு காப்பாத்தும்னு பாத்தா கடைசி கட்டத்துல 'ம்' விழுது, தேன்குழல் கழண்டுச்சு, மிச்ச மூணும் சட்டமா உக்காந்திருக்கு. மத்த கட்டத்துக்கெல்லாம் மேலயும் கறுப்பு, கீழயும் கறுப்பு. அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க, சீட்டுக் குலுக்கவா?

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு குறுக்கெழுத்துன்னா உசிரு. கண்ணு இப்ப சரியா தெரியல, பேப்பர்ல குறிப்பு வேற எறும்பு சைஸ்ல போடுறாங்க, அதனால நான் வாசிக்கணும், அவுக சொல்லணும், நான் எழுதணும், தினமும் முகப்புத் திண்ணையில இதான் நடக்குது. அன்னைக்கு ஆச்சி யோசிக்கவே இல்ல, "கும்மாயம்னு எழுதிக்க அப்பு"ன்னாக. எழுதியாச்சு. மறுநாள் விடை வருது, அதிரசமாம். ஆச்சி என்னைய பாக்குறாக. "அதிரசம் ஊரு உலகமெல்லாம் சுடுறாகளே, அது எப்படிப்பா நம்ம பலகாரமாச்சு? உளுந்தையும் பாசிப்பருப்பையும் வறுத்து அரைச்சு கருப்பட்டிய காச்சி ஊத்தி நெய் விட்டுக் கிண்டுறமே, அது அப்ப யாரு ஊருப் பலகாரம்?"ங்குறாக. நான் என்னத்தங்க சொல்றது? பேப்பர்ல விடைக்கட்டம் மட்டும் ஒரு ஓரமா போஸ்டல் ஸ்டாம்பு அளவுக்கு இருக்கு. ஏன் அந்த விடைங்குறதுக்கு ஒரு வரி கிடையாது. புதிர் போட்டவர் பேரு கூட கிடையாது. அவரு சொன்னா சொன்னதுதான், நீ யாருடா கேக்குறதுக்குங்குற மாதிரி.

எனக்கு எரியுறது விடை தப்பாப் போச்சேன்னு இல்ல. தப்பாப் போறதுக்குத்தான் புதிரே. ஆனா விடைய பாத்ததும் "அட, ஆமால்ல, நமக்கு இது தோணலையே"ன்னு தலையில தட்டிக்கணும், அதாங்க புதிர். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்"னு தோளைக் குலுக்கிட்டு போறதுக்குப் பேரு புதிரா?

இங்கிலீஷ் பேப்பர்ல மறைகுறிப்பு வச்சு குறுக்கெழுத்து போடுறாங்களே, அதுல இதுக்கு ஒரு தர்மமே இருக்கு. இங்கிலாந்துல அப்சர்வர் பேப்பருக்கு ஸிமெனிஸ்ங்குற புனைபேர்ல புதிர் போட்டவரு மேக்நட், அவரு ஒரு ஸ்கூல்ல லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக் குடுத்த வாத்தியாரு. அவரு வழி வந்த விதி ரொம்ப எளிசு. குறிப்புல விடைக்கான நேரடிப் பொருள் ஒரு பக்கம் இருக்கணும், அந்தச் சொல்லையே உடைச்சோ சேத்தோ ஒளிச்சோ கண்டுபிடிக்கிற வழி இன்னொரு பக்கம் இருக்கணும், வேற ஒரு சொல்லு கூட சும்மா நிக்கக் கூடாது. ரெண்டு வழியா போயி ஒரே வாசல்ல நிக்கணும். ரெண்டும் பொருந்துனா விடை அதுதான், பேப்பர்காரன்கிட்ட போயி கேக்க வேண்டியதே இல்ல, உனக்கே தெரிஞ்சிரும்.

தமிழ்ல இதெல்லாம் வராதுன்னு ஒரு கோஷ்டி சொல்லும். வராதா? இந்தா பாருங்க, 'வண்டியைப் பருகச் சொல்லும் ஊர் (5)'. வண்டின்னா கார், காரை, பருகுன்னா குடி, காரைக் குடி. ஒற்று கூட தானா வந்து விழுது பாருங்க, எங்க ஊர வச்சவன் புதிருக்குன்னே வச்சிருப்பானோன்னு சில நேரம் தோணும். இன்னொண்ணு, 'மாமா வடுகபட்டிக்கு நடுவே வைத்த ஊறுகாய் (3)'. சும்மா வரிய ஒட்டி வாசிங்க, 'மாமாவடுகபட்டி'. உள்ளுக்குள்ளயே மாவடு கிடக்கு. இத ஆச்சிக்கு வாசிச்சேன், ஒரு நிமிஷம் வாய்க்குள்ள முணுமுணுத்தாக, அப்புறம் சிரிச்சாக பாருங்க, வீட்டுக்குள்ள வளவு முத்தம் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏன்"னு அவுக கேக்கவே இல்ல. கேக்க என்ன இருக்கு, விளக்கம் குறிப்புக்குள்ளயே இருக்கே.

இப்ப பேப்பர்ல எங்க ஊருக்கு வந்த குறிப்ப சொல்றேன், கேளுங்க. 'கம்பன் விழா நடக்கும் ஊர் (5)'. ஆச்சி நெஞ்ச நிமித்திக்கிட்டு காரைக்குடின்னாக. பின்ன என்னங்க, கம்பனுக்குன்னு 1939ல சா. கணேசன் கழகம் ஆரம்பிச்சது இங்க, அவருக்கு கம்பன் அடிப்பொடின்னே பேரு, அந்தக் கம்பன் சமாதின்னு சொல்ற இடம் கூட இந்தா இருக்குற நாட்டரசன்கோட்டையில. மறுநாள் விடைய பாத்தா புதுச்சேரி. தப்புன்னு சொல்ல முடியல, அங்கயும் கம்பன் கழகம் இருக்கு, வருஷா வருஷம் விழா எடுக்குறாங்க, எழுத்தும் எண்ணிப் பாத்தா அஞ்சுதான். ஆனா ஆச்சி அன்னைக்கு பூரா எங்கிட்ட சரியா பேசல, ஏதோ நான்தான் விழாவ தூக்கிட்டுப் போயி புதுச்சேரில வச்ச மாதிரி.

இத விடக் கொடும ஒண்ணு இருக்கு. 'குழம்பியுள்ளது'. 'திரும்பியுள்ளது'. 'தலை இல்லை'. 'முடிவு இல்லை'. தமிழ் குறுக்கெழுத்து போடுறவங்களுக்குத் தெரியும் நான் எதைச் சொல்றேன்னு. சொல்ல நேரா எழுத மாட்டாங்க, எழுத்த கலைச்சுப் போட்டு கட்டத்துல அடைப்பாங்க, நாமளும் அப்படியே கலைச்சு எழுதணுமாம், எந்த வரிசையில கலைச்சதுன்னு குறிப்புல இருக்காது, குறுக்க போற சொல்லப் பாத்து நாமளா தெரிஞ்சுக்கணும், அந்தக் குறுக்குச் சொல்லும் குழம்பியிருந்தா போச்சு, போயி சோலியப் பாரு. போன வாரம் ஒண்ணு வந்துச்சு, 'மதுரையில் ஓடும் ஆறு, குழம்பியுள்ளது (2)'. யோவ், வைகைல இருக்குறதே ரெண்டெழுத்து, அதுல குழம்புறதுக்கு என்னய்யா இருக்கு? கட்டத்துல 'கைவை'ன்னு எழுதி வச்சிருக்கேன், ஏதோ சாமி சிலை பக்கத்துல போர்டு வச்ச மாதிரி இருக்கு.

அதுக்கு அப்புறம் 'சிவகங்கைச் சீமை ராணி, முடிவு இல்லை (6)'. விடை 'வேலுநாச்சியா'. ர் இல்ல. ஏன் இல்ல? கட்டம் பத்தல, அவ்வளவுதான் காரணம். ஹைதர் அலி உதவியோட படை திரட்டி 1780ல சீமைய மீட்ட ராணிக்கு ஒரு புள்ளி எழுத்து நிக்க இடம் குடுக்க முடியல இவங்களால. ஆச்சிக்கு இத நான் சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா பேப்பரையே நிப்பாட்டியிருப்பாக.

இதுக்கு காரணம் தெரியாம திட்டல நான். தமிழ்ல கட்டம் போடுறது கஷ்டம்தான், ஒத்துக்குறேன். இங்கிலீஷ்ல 26 எழுத்து, எத வேணா எங்க வேணா முட்ட விடலாம். நமக்கு 247. ஒரு சொல்லுல 'கோ' இருந்தா குறுக்க வர்றதுலயும் 'கோ'வேதான் இருக்கணும், 'க'வோ 'கொ'வோ வந்தா ஆகாது. நிரப்புறவனுக்கு அது வரம், ஒரு எழுத்து கிடைச்சாலே பாதி விடை வந்துரும், ஆனா போடுறவருக்கு தலைவலி. அதுபோக நம்ம சொல்லு எதுவும் புள்ளி எழுத்துல தொடங்காது, ஆனா பாதிச் சொல்லு ம், ன், ர், ல்-லதான் முடியும். அப்ப ஒரு சொல்லோட கடைசிக் கட்டத்துல 'ம்' நின்னா அதுலேந்து கீழ்நோக்கி இன்னொரு சொல்ல தொடங்கவே முடியாது. அதுக்குத்தான் கீழிருந்து மேல், வலமிருந்து இடம்னு திருப்பி எழுதுற பழக்கமே வந்துச்சு. திருப்பி எழுதுறது கூட பரவால்ல, அதுல ஒரு ஒழுங்கு இருக்கு, எனக்கு அதுல கோவம் இல்ல. கலைக்கிறதும் வெட்டுறதும்தான் சோம்பேறித்தனம். கட்டம் பொருந்தலன்னா கட்டத்த மாத்துய்யா, கறுப்ப நகத்து, வேற சொல்லு தேடு, நாங்க இங்க மண்டைய ஒடச்சு தேடல? சிலர் இங்கிலீஷுக்குன்னு செஞ்ச சாஃப்ட்வேர்ல தமிழ ஓட்டுறாங்களோன்னும் ஒரு சந்தேகம் எனக்கு, ஏன்னா கம்ப்யூட்டருக்கு 'கா'ங்குறது ஒரு எழுத்து இல்ல, க தனி, கால் தனி, 'காரைக்குடி'ய அது எண்ணுனா பத்துங்கும். அடைப்புக்குள்ள போடுற எண்ணே சில நாள் தப்பா வர்றதுக்கு வேற என்ன காரணம் இருக்க முடியும்?

வீட்டுல சித்தப்பா ஒருத்தர் இருக்காக. அவுகளுக்கு நாங்க ரெண்டு பேரும் இதுல இப்படி மல்லுக்கட்டுறது பிடிக்காது. "காசா பணமா, வந்தா வரட்டும் போனா போகட்டும், என்ன பெரிய நீதி நியாயம்"பாக. அங்கதாங்க விஷயமே இருக்கு. ஒரு காலத்துல இதுல காசு இருந்துச்சு. 1930கள்ல விகடன்ல வாசன் குறுக்கெழுத்துப் போட்டி வச்சு பரிசு குடுத்ததும் பத்திரிகை எப்படி ஏறுச்சுங்குறதும் பழைய ஆளுகளுக்குத் தெரிஞ்ச கதை. அப்புறம் நாடு பூராவும் பல பேரு இதையே ஒரு தொழிலா எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு சொல்லு பொருந்துற மாதிரி குறிப்பு, எதை எழுதுனாலும் நியாயம் சொல்லலாம், ஆனா உறைக்குள்ள சீல் வச்ச விடை ஒண்ணுதான், அதோட ஒத்துப்போனா பரிசு. ஜனங்க ஒரே ஆளு பத்து கூப்பன் இருபது கூப்பன்னு மாத்தி மாத்தி எழுதி அனுப்புனாங்க. இது வளர்ந்து வளர்ந்துதான் 1955ல பரிசுப் போட்டிச் சட்டம்னே ஒண்ணு போட்டாங்க, மாசத்துக்கு ஆயிரம் ரூவாய்க்கு மேல பரிசு கூடாதுன்னு. அந்தச் சட்டத்துல குறுக்கெழுத்துன்னு பேரு சொல்லியே இருக்கு. 1957ல சுப்ரீம் கோர்ட்ல கேஸ் வந்தப்ப, திறமைய வச்சு ஜெயிக்கிற போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, குருட்டு அதிர்ஷ்டத்துல ஜெயிக்கிற சூதாட்டத்துக்குத்தான்னு சொல்லிட்டாங்க. இப்ப சொல்லுங்க, அதிரசமா மனகோலமா கும்மாயமாங்குறது திறமையா அதிர்ஷ்டமா? எங்க பேப்பர் புதிர கொண்டு போயி நீதிபதி முன்னாடி வச்சா அவரு கட்டத்த பாத்துட்டே சூதாட்டம்னு எழுதிருவாரு. அந்தக் காலத்துல ஏமாத்துறவனுக்காவது கூப்பன் வித்த லாபம் இருந்துச்சு. இவங்களுக்கு என்ன லாபம்னுதான் எனக்குப் புரியல, சும்மாவே ஏமாத்துறாங்க.

பொறுக்க முடியாம பேப்பர் ஆபீசுக்கு போன் போட்டேன். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு மாத்தி மாத்தி கடைசில ஒரு தம்பி எடுத்தாரு. பாவம் நல்லாத்தான் பேசுனாரு. "சார், புதிர் வெளிலேந்து வருது, நாங்க அப்படியே போடுறோம்"னாரு. சரி தம்பி, விடையோட ஒரு வரி விளக்கம் போடுங்களேன், எல்லாத்துக்கும் வேண்டாம், ஏன் இந்தச் சொல்லுன்னு சந்தேகம் வர்ற ஒண்ணு ரெண்டுக்கு மட்டும்னேன். "இடம் இல்ல சார்"னாரு. இடம் இல்லையாம். அதே பக்கத்துல ராசிபலன் பன்னெண்டு ராசிக்கும் விளக்கமா இருக்கு, 'வெளிவட்டாரப் பழக்கம் விரிவடையும்'னு எனக்கு தினமும் வருது, இன்னும் விரிவடையல. அதுல ரெண்டு ராசிய சுருக்குனா எங்களுக்கு இடம் கிடைச்சிரும்.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. விளக்கம் எழுதணும்னு ஒரு கட்டாயம் இருந்தா போடுறவரே பேனாவ எடுக்கும்போது யோசிப்பாரு, 'பலகாரம் (5)'க்கு நாளைக்கு என்னன்னு விளக்கம் எழுதுறதுன்னு கை நிக்கும். அப்ப குறிப்பும் தானா சரியாயிரும்.

அது வரைக்கும் இந்த ரோதனைதான். இன்னைக்கு மேலிருந்து கீழ் ஏழாவது என்ன தெரியுமா? 'ஒரு பூ (4)'. ஒரு பூவாம்ல! கிடைச்சிருக்குற ஒரே எழுத்து, ரெண்டாவது கட்டத்துல 'ந்', அதனால மந்தாரைன்னு எழுதிட்டேன், வேற என்னத்த எழுத. "ரொம்ப உறுதியா இருக்காத அப்பு, அது சாமந்தி குழம்பியிருந்தாலும் இருக்கும்"ங்குறாக ஆச்சி.